எந்தப் பக்கம் திருப்புவது

மனித குலத்தை இரண்டாகப் பிரிக்கலாம். இணையத்தில் ஒன்றைப் படித்ததும் அதன்படி செய்துவிடுகிறவர்கள் ஒரு வகை. படித்ததும், 'இது அதிகாரபூர்வமானதா, காலாவதியானதா?' என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் வேலையை முடித்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்; அவர்களால் நாகரிகத்துக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டாம் வகையினர்தான் அலுவலகங்களைத் தாங்கி நிற்கிறார்கள். அந்த வகையின் சிகரம் நம் தேதியார்.

தேதியார் என்பது அலுவலகம் அவருக்கு வைத்த செல்லப்பெயர். எந்தத் தாளை நீட்டினாலும் முதலில் அடியில் தேதி இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால், "யார் போட்ட தேதி?" என்பார். இல்லாவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். கண்ணாடி கழன்றுவிட்டால் அந்த விஷயம் அன்றைக்கு முடிந்தது என்று அர்த்தம்.

அவர் வகித்த பதவி 'ஆவணத் தகுதி அலுவலர்'. அந்தப் பதவி பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தடவை யாரோ ஒரு ஊழியர் இணையத்தில் பார்த்த குறிப்பின்படி நகலெடுக்கும் இயந்திரத்தைச் 'சரி' செய்தார். அன்று முதல் அது எழுத்துகளை இடவலம் மாற்றி அச்சடித்தது. கண்ணாடியில் காட்டித்தான் படிக்க முடியும். அப்படி அச்சான ஒரு சுற்றறிக்கை கிளை அலுவலகங்களுக்கெல்லாம் போய்விட்டது. போனதுகூடப் பரவாயில்லை. எல்லாக் கிளைகளும் 'உத்தரவு நிறைவேற்றப்பட்டது' என்று பதில் அனுப்பிவிட்டன. ஆடிப்போன இயக்குநர் அம்மா உடனே ஓர் ஆணை பிறப்பித்தார்: இனி இந்தக் கட்டடத்தில் எவரும் இணையத்துப் பக்கம் எதையும் பார்த்து எந்த இயந்திரத்தையும் தொடக் கூடாது, அந்தப் பக்கம் அதிகாரபூர்வமானது, நடப்பில் உள்ளது என்று தகுதி அலுவலர் சான்று தந்தால் ஒழிய.

தேதியாருக்கு மூன்றாம் மாடியில் லிஃப்டுக்கு எதிரே ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரைப் பார்த்தபடியே அவர் பக்கங்களைத் தரம் பிரித்தார். அதிகாரபூர்வமானது, ஆனால் காலாவதி; காலாவதி ஆகவில்லை, ஆனால் அதிகாரபூர்வமில்லை; இரண்டும் உண்டு; சொல்ல முடியாது. தரத்துக்கு ஒன்றாக நான்கு முத்திரைகள். முதல் மூன்று முத்திரைகளும் வாங்கின நாள் மாதிரியே பளபளவென்று இருந்தன. நான்காவதன் ரப்பர் தேய்ந்துபோய் 'முடியாது' மட்டும்தான் விழுந்தது. அர்த்தம் மாறாததால் யாரும் புகார் சொல்லவில்லை.

வீட்டிலும் அவர் கொள்கையைக் கைவிட்டதில்லை. புதுச் சலவை இயந்திரம் வந்தபோது, அதன் பயன்பாட்டுக் குறிப்பு இணையத்தில் இரண்டு விதமாக இருப்பதைக் கண்டுபிடித்தார். எது செல்லும் என்று முடிவாகும்வரை இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னார். முடிவாகும்வரை அந்த அம்மாள் துணிகளைக் கையால் துவைத்து, இயந்திரத்தின்மேல் மடித்து வைத்தாள். அவளும் அதே அலுவலகத்தில்தான், தரைத்தளத்தில், பயண ஏற்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ரயிலிலும் விமானத்திலும் ஏற்றி அனுப்புவது அவள் வேலை. தானும் ஒரு நாள் எங்காவது போய்விட வேண்டும் என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும். வேலையின் தாக்கம் என்று விட்டுவிடுவாள்.

சம்பவம் நடந்த அன்று மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் இருக்கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் மூன்றாம் மாடியை எட்டப் போகும்போது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர்: இயக்குநர் அம்மாவும், கணவரின் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போக மேலே வந்த தேதியாரின் மனைவியும்.

காவலாளி ஓடி வந்தார். அவரிடம் லிஃப்ட் சாவி இருந்தது. வெளிக்கதவில் அதற்கென்று ஒரு துளையும் இருந்தது. சாவியை ஒரு பக்கம் திருப்பினால் கதவு திறக்கும். இன்னொரு பக்கம் திருப்பினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், பிறகு லிஃப்ட் நிறுவனத்தார் வந்து கழற்றினால்தான் உண்டு. இவ்வளவும் அவருக்குத் தெரியும். எந்தப் பக்கம் எது என்பது மட்டும்தான் தெரியாது. லிஃப்ட் நிறுவனத்துக்குத் தொலைபேசினார். தேன் ஒழுகும் குரல் ஒன்று, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம், அதனால் எல்லா உதவிகளையும் இணையதளத்துக்கு மாற்றிவிட்டோம், தயவுசெய்து அதிகாரபூர்வ ஆவணத்தைப் பார்க்கவும் என்று சொல்லிவிட்டு, வீணை வாசித்தது.

ஆக, விஷயம் முறைப்படி தேதியாரிடம் வந்து சேர்ந்தது.

அவர் பதறவில்லை. இதற்காகத்தான் பிறந்தேன் என்பதுபோல எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவசரக் குழுவைக் கூட்டினார். குழு என்றால் அவர், கணினிக்காரர், சட்ட ஆலோசகர் ஆகிய மூவர். உள்ளே இருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நாற்காலிகளை லிஃப்ட் வாசலிலேயே போட்டுக்கொண்டார்கள். மடிக்கணினிக்கு ஒரு முக்காலி வந்தது. குழுவுக்குத் தேநீர் வந்தது. கதவிடுக்கு வழியாகத் தேநீர் மணம் உள்ளே போனதைத் தவிர, சிக்கியிருந்தவர்களுக்கு அந்த முதல் கட்டத்தில் வேறு தொந்தரவு எதுவும் இல்லை.

கணினிக்காரர் தேடி இரண்டு பக்கங்களைப் பிடித்தார். ஒன்று நிறுவனத்தின் தளத்திலேயே இருந்தது. 'சாவியை வலப்பக்கம் திருப்பவும்' என்றது. ஆனால் அதன் தலையில் சிவப்புப் பட்டை ஒன்று: 'இது பழைய பதிப்பு. புதிய பதிப்புக்கு இங்கே அழுத்தவும்.' அழுத்தினால், 'நீங்கள் தேடும் பக்கம் இல்லை' என்று வந்தது. இன்னொரு பக்கம் 'சாவியை இடப்பக்கம் திருப்பவும்' என்றது. அதில் பட்டை இல்லை. தேதியும் இல்லை. முகவரியில் நிறுவனத்தின் பெயரோடு ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது.

"பழசுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்ப வலப்பக்கம் அடிபட்டுப் போச்சு" என்றார் கணினிக்காரர்.

தேதியார் சிரித்தார். "பழசுன்னு சொல்ற பட்டை என்னைக்குப் போட்டது?"

கணினிக்காரர் பட்டையில் தேதியைத் தேடினார். இல்லை.

"பட்டையே பழசா இருந்தா? 'இது பழசு'ங்கறதே பழைய சேதியா இருந்தா, பக்கம் புதுசுன்னு ஆகுதே?"

இப்படி ஒரு கோணம் இருப்பதை அறியாமல் இத்தனை காலம் லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறோமே என்று சட்ட ஆலோசகர் உள்ளூர வெட்கப்பட்டார். காவலாளி சாவியை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, அங்க இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. உனக்காகத்தான் குழுவே உட்கார்ந்திருக்கு."

"குழு எழுந்திரிக்கட்டும். அந்தச் சாவியத் திருப்பச் சொல்லுங்க."

"எந்தப் பக்கம்?"

"ஏதோ ஒரு பக்கம்."

"நாங்க அந்தப் பக்கத்தத்தான் பார்த்துட்டு இருக்கோம். ஒரு பக்கத்துல வலப்பக்கம்னு இருக்கு, இன்னொரு பக்கத்துல இடப்பக்கம்னு இருக்கு. எந்தப் பக்கம் சொல்ற பக்கம்னு முடிவாகாம எப்படி?"

பிறகு அவள் நிதானமாகக் கேட்டாள்: "நீங்க எந்தப் பக்கம்?"

தேதியாருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. கணினிக்காரருக்கும் சட்ட ஆலோசகருக்கும் புரிந்தது. இருவரும் குனிந்து தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

அடுத்து இயக்குநர் அம்மா பேசினார். தொடக்கத்தில் அவர் குரலில் பெருமிதம்தான் இருந்தது. தான் போட்ட ஆணையைத் தானே மதித்து, ஒரு முன்மாதிரியாக உள்ளே நின்றுகொண்டிருப்பதாகவும், நடைமுறையில் குறை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். நேரம் போகப் போகக் காற்று குறைந்தது, பெருமிதமும் குறைந்தது. கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "சார், அந்த ஆணைய நான் ரத்து பண்றேன். எதையாவது செஞ்சு கதவத் திறங்க."

வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் வழுக்கி விழுந்திருப்பார். தேதியார் விழவில்லை. கதவிடுக்கில் வாயை வைத்து, மிகுந்த பணிவோடு விளக்கினார். இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும் குரல் இயக்குநர் அம்மாவுடையதுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படியே இருந்தாலும், வாய்மொழி ரத்து கோப்பில் ஏறாது. கோப்பில் ஏற வேண்டுமானால் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட அம்மா வெளியே வர வேண்டும்.

"வெளிய வர்றதுக்குத்தானே ரத்து பண்றேன்" என்றது குரல்.

"அதையும் எழுத்துல குடுத்துட்டா நல்லதும்மா."

அதன் பிறகு இயக்குநர் அம்மா அவரோடு பேசவில்லை. உள்ளே இருவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள் என்பது சத்தத்திலிருந்து தெரிந்தது. தேதியாரின் மனைவி தன் கைப்பையிலிருந்த பிஸ்கட்டைப் பங்கு போட்டாள். இயக்குநர் அம்மா தன் வீட்டுக்காரரைப் பற்றி ஏதோ சொன்னார். இவள் சலவை இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அக்கா, தங்கை என்றெல்லாம் காதில் விழுந்தது. பிறகு சிரிப்பு. குழுவுக்கு அது பிடிக்கவில்லை. ஆபத்தில் இருப்பவர்கள் சிரித்தால் வெளியே இருப்பவர்களின் பொறுப்புணர்ச்சி கெட்டுவிடும்.

முட்டுச்சந்தில் நின்ற விவாதத்துக்கு வழி திறந்தவர் கணினிக்காரர். உலகத்தில் யாரோ எழுதின பக்கத்தை நாம் ஏன் நம்பிக்கொண்டிருக்க வேண்டும், நம் அலுவலகத் தளத்திலேயே ஒரு பக்கம் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டார். முகவரி நம்முடையது. சின்னம் நம்முடையது. தேதி இன்றைய தேதி. இதைவிட அதிகாரபூர்வமாக ஒரு பக்கம் இருக்க முடியுமா? இதைவிடப் புதிதாக இருக்க முடியுமா?

தேதியாரின் கண்கள் கலங்கின. பணிக்காலம் முழுவதும் அப்படி ஒரு பக்கத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

அதில் என்ன எழுதுவது என்ற சிறு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. சட்ட ஆலோசகர் அதையும் தீர்த்துவைத்தார். வலப்பக்கம் திருப்பச் சொன்ன பக்கத்தின் அடியில் 'நகலெடுக்கத் தடை' என்று போட்டிருந்தது. இடப்பக்கம் திருப்பச் சொன்ன பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே சட்டப்படி இடப்பக்கமே பாதுகாப்பானது என்றார். கணினிக்காரர் அதை நகலெடுத்து ஒட்டினார். சின்னம் ஏறியது. தேதி ஏறியது. தேதியார் ஒவ்வொன்றாகப் பார்த்து, 'இரண்டும் உண்டு' என்று அதுவரை யாருக்கும் கிடைக்காத சான்றை வழங்கினார்.

காவலாளி சாவியைத் துளையில் விட்டு இடப்பக்கம் திருப்பினார். கதவு திறந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் தட்டினார்கள். இயக்குநர் அம்மா வியர்வையோடு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி அவருக்குப் பின்னால் வந்தாள். கையில் குடை இருந்தது. அதன் கைப்பிடி வளைந்திருந்தது. கணவரைப் பார்க்காமல் நேரே படியிறங்கிப் போய்விட்டாள். மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று தேதியார் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அவளுக்குப் பேச்சு வந்தது.

"உங்க சாவியால கதவு திறக்கல" என்றாள். "உள்ள மேல ஒரு கொக்கி இருக்கு. நானும் அந்தம்மாவும் குடைக் கைப்பிடியால அத நெம்பி நெம்பித் தூக்கிட்டோம். கதவு விலக ஆரம்பிச்ச பிறகுதான் உங்க ஆளு சாவியத் திருப்பினாரு."

"அப்படின்னு எங்க போட்டிருக்கு?"

"எங்கயும் போடல. நான் சொல்றேன். நான் உள்ள இருந்தேன்."

தேதியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அவள் விடுகிற பெண் இல்லை. மறுநாள் காலை காவலாளியைக் கூப்பிட்டு, காலி லிஃப்டின் கதவில் சாவியை இடப்பக்கம் திருப்பச் சொன்னாள். கதவு 'டக்' என்று இறுகிப் பூட்டிக்கொண்டது. நிறுவனத்து ஆட்கள் வந்து கழற்றும்வரை கட்டடம் முழுக்கப் படியேறியது. அவள் மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு வந்து, "பார்த்தீங்களா, இடப்பக்கம் திருப்பினா பூட்டிக்குது. அந்தப் பக்கத்த எடுத்துடுங்க. வேற எங்கயாவது யாராவது இத நம்பித் திருப்பிட்டா என்ன ஆகும்?" என்றாள். தேதியார் பரிவோடு மறுத்தார். சோதனை செய்தது பயணப் பிரிவு; லிஃப்டுப் பயணம் அந்தப் பிரிவின் வரம்பில் வராது. மேலும், காலி லிஃப்டில் நடந்தது ஆள் உள்ள லிஃப்டுக்குப் பொருந்தும் என்பதற்கு ஆவணம் கிடையாது.

அவள் இயக்குநர் அம்மாவிடம் போனாள். பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துத் தின்றவர்; குடையின் மறுமுனையைப் பிடித்தவர். ஆனால் அதற்குள் தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. நெருக்கடியின்போது புதிய ஆவணம் படைத்து உயிர்காத்த முன்னோடி அலுவலகம் என்று அதில் இருந்தது. இயக்குநர் அம்மா அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டே, உள்ளே ஒரே இருட்டாக இருந்தது, எதை யார் தூக்கினோம் என்று தனக்குச் சரியாக நினைவில்லை என்றார். "உள்ள லைட்டு எரிஞ்சுதேக்கா" என்றாள் இவள். அம்மா பதிலுக்கு, அலுவலகத்தில் 'மேடம்' என்று கூப்பிடுவதுதான் வழக்கம் என்று நினைவூட்டினார். அது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

பக்கம் வளர்ந்தது. லிஃப்ட் நிறுவனம் அதைக் கண்டெடுத்து, 'புதிய பதிப்புக்கு இங்கே அழுத்தவும்' என்ற தன் சிவப்புப் பட்டையை இந்தப் பக்கத்தோடு இணைத்துவிட்டது. இல்லாத பக்கத்துக்கு ஒரு பக்கம் கிடைத்தது. நிறுவனமே இணைத்திருப்பதால் இது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று மற்றத் தளங்கள் எடுத்துப் போட்டன. இத்தனை தளங்களில் இருப்பதால் இது சரிதான் என்று தேதியார் தன் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பை ஆதாரம் காட்டி நிறுவனம் தன் பழைய வலப்பக்கப் பக்கத்தை அடியோடு நீக்கியது. இப்படித்தான் உண்மை உறுதிப்படுகிறது.

ஒரு நாள் அந்தப் பக்கத்தின் அடியில், வாசகர் கருத்துப் பகுதியில், இரண்டு வரி வந்திருந்தது: 'இடப்பக்கம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். திருப்பாதீர்கள். அன்றைக்கு லிஃப்டுக்குள் இருந்தவள் நான்.'

எழுதியது யார் என்று தேதியாருக்குத் தெரியும். அந்த எழுத்துநடையோடு அவர் பல ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவர். விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே இருந்த சுவரைப் பார்த்தார். அவள் பொய் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அந்த யோசனை நெஞ்சில் முள் மாதிரி லேசாகக் குத்தியது. ஆனால் கருத்தில் பதவி இல்லை, பிரிவு இல்லை, சின்னம் இல்லை. நீக்கினார். மாலை வீட்டுக்குப் போனபோது மனைவி இல்லை. வெளியூரில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வழக்கமாக ஊராருக்கு எடுக்கும் பயணச் சீட்டை இந்தத் தடவை தனக்கே எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்புவதற்குச் சீட்டு எடுக்கவில்லை என்று அவள் பிரிவில் பேசிக்கொண்டார்கள். அந்தத் தகவலும் உறுதிசெய்யப்படாதது என்பதால் தேதியார் சமையலுக்கு ஆள் வைக்கவில்லை, பட்டினி கிடந்தார்.

தியாகம் இல்லாமல் தரம் இல்லை. அவர் பதவி உயர்ந்தது. அறை பெரிதானது. தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து, அடியிலிருக்கும் தேதியை அன்றைய தேதியாக மாற்றுவார். வேறு எதையும் தொடமாட்டார். உலகத்திலேயே தினந்தோறும் புதுப்பிக்கப்படும் ஒரே லிஃப்டுப் பக்கம் அதுதான் என்று கணினிக்காரர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அப்படி ஒரு காலையில், தேதியை மாற்றிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. எங்கோ தொலைவான ஊரிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவளுடைய அப்பா லிஃப்டில் சிக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்துமாக்காரர். தேதியாரின் அலுவலகப் பக்கத்தைப் பார்த்து, அதில் சொல்லியிருக்கிறபடியே சாவியை இடப்பக்கம் திருப்பினார்களாம். கதவு பூட்டிக்கொண்டதாம். இப்போது எந்தப் பக்கமும் திரும்பவில்லையாம்.

"நீங்க பாக்குற பக்கத்துல அடியில தேதி என்ன போட்டிருக்கு, பாருங்கம்மா" என்றார் தேதியார்.

அவள் பார்த்துச் சொன்னாள். இன்றைய தேதிதான்.

"சின்னம் இருக்கா?"

"இருக்கு சார். அப்பா கதவத் தட்டிட்டே இருந்தாரு, இப்ப தட்டுற சத்தம் வரல சார். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

தேதியார் திரையை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை பொறுமையாகச் சரிபார்த்தார். முகவரி, சின்னம், தேதி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

"எங்க பக்கத்துல எந்தத் தப்பும் இல்லம்மா" என்றார். "உங்கப்பா ஏறின லிஃப்ட்தான் காலாவதி ஆனதா இருக்கும்."